மூன்று நூல், ஐந்து அங்குலம்

கிண்ணியாப் பாலத்தடியில் கடை போட்டால்
உப்புக்காற்று முதலில் தின்பது நட்டை,
பிறகு பெயர்ப்பலகையை.
'றிஸ்வியா ஹோஸ் வேர்க்ஸ்' என்பதில்
'யா' போய்விட்டது.
வருகிறவர்களுக்கு நான் றிஸ்வியின் மனைவி.
திருத்துவதில்லை.

விதைப்புக்குத் தண்ணீர் திறந்த கிழமை
வாமதேவன் சேர் வந்தார், தம்பலகாமத்திலிருந்து.
பள்ளியில் கணிதம்,
பின்னேரங்களில் வாய்க்கால் சேறள்ளும்
லோடர் மெசினுக்குச் சொந்தக்காரர்.
கையில், அடித்த சாரையாக
வெடித்த ஹோஸ்.
மூன்றாவது தடவை. அதே இடம்.

"சாமான் சரியில்லை" என்றார்.
நான் வெடிப்பைப் பார்த்தேன்.
இரும்புத் தொப்பி முடிகிற இடத்திலேயே
வளைவு தொடங்கியிருக்கிறது.
உள்பக்கம் றப்பர் மடிப்பு மடிப்பாய்,
வெளிப்பக்கம் கம்பிப் பின்னல்
பல்லை இளித்துக்கொண்டு.

"எவ்வளவு வளைத்தீங்க சேர்?"
"நீ சொன்னதுதான். மூன்று நூல் ஹோஸ், ஐந்து அங்குலம்."
இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்,
இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு
ஐந்து.

"சேர், ஐந்து என்றது ஆரை."

ஒன்பதாம் வகுப்புக்கு
இருபத்தாறு வருடம் வட்டம் கீறியவர்
விரித்த கைகளைத் தானே பார்த்தார்.
பிறகு சிரிப்பு வந்தது அவருக்கு.
"ஐந்தில் வளையாதது..." என்று தொடங்கினார்.
"ஐந்தில் வளையும் சேர்.
இரண்டரையில்தான் வளையாது."

கதைத்துக்கொண்டே அறுத்தேன்.
திரும்பி வர, குறுக்கே பத்து அங்குலம்.
தொப்பியை விட்டு
மூன்று விரல் நேராய்ப் போன பிறகே வளைவு.
வாளியை மேலே தூக்கி, கீழே இறக்கி, கவிழ்த்து,
மூன்று நிலையிலும் கயிறு பிடித்து அளக்கணும்.
ஒயில் நெருக்கினால் ஹோஸ் குறுகும்,
கொஞ்சம் தாராளம் வேணும்.
முதுகில் ஓடுகிற எழுத்து வரி
நேராய் நிற்கணும்,
சுற்றிக்கொண்டு போனால் முறுக்கு விழுந்திருக்கு.
இடம் காணாதா, முழங்கை ஒன்று போடுங்க,
ஆயிரத்து எண்ணூறு.

"எண்ணூறுமா?"

"வெடிக்க முதல் கசிஞ்சிருக்குமே,
ஆர் கண்டது?"
"வினோகரன். தடவிப் பார்த்துக் கண்டுபிடிச்சான்."

அவன் வெளியே, ஓட்டோ நிழலில்
பனிஸ் தின்றுகொண்டிருந்தான், இடக்கையால்.
வலக்கையைக் காட்டச் சொன்னேன்.
சுண்டுவிரல் அடியில் ஒரு புள்ளி.
"முள்ளு மாதிரித்தான் அக்கா, நோகேல்ல."
எப்ப? "விடியப்புறம்."
சுற்றிவர வெளிறி, அமுக்கினால்
மாவு பிசைந்த மாதிரி.

சுருக்கும் மெசினை நிறுத்தினேன்.
தையலூசியிலும் மெல்லிய ஓட்டையால்
ஒயில் தோலுக்குள் போயிருக்கு.
இப்ப நோகாது. இரவைக்குத் தெரியும்,
இரவைக்குப் பிந்திவிடும்.

ஹோஸ் கிடக்கட்டும், போங்க.
திருக்கோணமலைப் பெரியாஸ்பத்திரி.
முள்ளு என்று மட்டும் சொல்லிப்போடாதீங்க.
பில் புத்தகத்தை இழுத்து எழுதினேன்:
'ஹைட்ரோலிக் ஒயில், அமுக்கத்தோடு கைக்குள் போனது,
காலை ஐந்தரை.'
வெள்ளைத் தாள் அவன் சட்டைப்பைக்குள்.
பனிஸைப் பறித்தேன்,
மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம்.
பாலத்தில் ஓட்டோ ஏறும்வரை
பாதிப் பனிஸ் என் கையிலிருந்தது.

ஹோஸை முடித்து ஆணியில் தொங்கவிட்டேன்.
யாரும் வளைக்காமல் அதுவாகவே
ஒரு வளையம் எடுத்துக்கொண்டது.
அளந்தேன், பதினொன்றரை.
இளஞ்சிவப்புப் பிரதி புத்தகத்தில் அப்படியே,
தொகை எழுதுகிற இடம் வெறுமை.

ஒன்பதாம் நாள் சேர் வந்தார்.
"கை இருக்கு" என்றார்.
இரண்டு தரம் வெட்டிக் கழுவினார்களாம்.
சுண்டுவிரல் மட்டும்
மடங்குதில்லையாம் இன்னும்.

முழங்கைக்கும் சேர்த்துக் காசு எண்ணி வைத்தார்.
நான் பிஸ்கட் பெட்டியில் ஒரு மட்டை கிழித்துக் கொடுத்தேன்:
கசிவு தேட இது. கை வேண்டாம்.
அவர் என் பேனையை வாங்கி
மட்டையில் ஒரு வட்டம் கீறினார், கவராயம் இல்லாமல்,
நடுவிலிருந்து கரைக்கு ஒரு கோடு,
கோட்டின் மேல் 5.

வாசல்வரை போய்த் திரும்பி
இன்னொரு மட்டை கேட்டார்.